வற்றிய கிணற்றில் ஒயின்

என் தம்பி குடிகாரன் இல்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு எழுதக் கை ஓடாது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்களில் ஒருவர்கூட அவனோடு உட்கார்ந்து ஒரு கிளாஸ் ஒயின் குடித்தவரில்லை. நான் குடித்திருக்கிறேன். என் வீட்டுக்காரரும் குடித்திருக்கிறார். அவன் இறங்கிப் போன அந்தக் கிணற்றுக்குள் நானும் ஒருமுறை இறங்கியிருக்கிறேன். நான் ஏறி வந்துவிட்டேன்.

சேலம் சூரமங்கலத்தில் எனக்கு ஒரு தையல் கடை. பிளவுஸ்தான் பிரதானம், தீபாவளி நெருங்கினால் சுடிதாரும் தைப்பேன். வீட்டுக்காரருக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. சாதுவான மனிதர், யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாது. அந்தக் குறையை வீட்டில் நான் ஈடுகட்டிவிடுகிறேன். தம்பி எனக்கு நேர் இளையவன். எங்கள் ஊர்ப் பையன்களில் பாதிப் பேரைப் போல அவனும் படிப்பை விட்டதும் ரிக் வண்டியில் ஏறினான். போர் போடும் ரிக் லாரியோடு ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றி, கடைசியில் மகாராஷ்டிரப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் பல வருடம் போர் போட்டான். அங்கே ஒரு தோட்டத்தில் தண்ணீர் பீறிட்டு வந்த சந்தோஷத்தில் முதலாளி இவனுக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்தாராம். இவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸை மறுபடி நீட்டியிருக்கிறான். அவர் சிரித்துக்கொண்டே ஊற்றி, இந்தத் தடவை குடிக்காதே, மோந்து பார் என்றிருக்கிறார். அதோடு பிடித்தது பைத்தியம்.

சொந்தமாக ஒரு ரிக் வாங்கிக்கொண்டு அவன் ஊருக்குத் திரும்பினான். டிரைவரை நம்பி வண்டியை வெளியூர் வேலைக்கு அனுப்பிவிட்டு, தோட்டத்து வீட்டில் மனைவி மகளோடு இருந்தான். ஒயினைப் பற்றிப் பேசத்தான் ஆள் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிராந்தி விற்கும் கடைக்கு ஒயின் ஷாப் என்று பெயர். அங்கே போய் இவன் ஒயின் கேட்டிருக்கிறான். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, காலைலயே ஏத்திட்டீங்களா?" என்றாராம். அதற்கப்புறம்தான் அக்காவையும் மச்சானையும் தேடி சூரமங்கலம் வந்தான். நாங்களும், ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பஸ் ஏறினோம்.

முதல் பாடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டில், அதன்மேல் பெங்களூரிலிருந்து வாங்கி வந்த சிவப்பு ஒயின், மூன்று கிளாஸ், ஒரு தட்டு வறுத்த கடலை. என் வீட்டுக்காரரை வெயிலில் எழுந்து நிற்கச் சொன்னான். ஒயினின் நிறம் பார்க்க வெள்ளைப் பின்னணி வேண்டுமாம், அவர் கட்டியிருந்த வேட்டி அதற்குத் தோதாக இருந்ததாம். கிளாஸைச் சாய்த்து அவர் இடுப்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு அக்காவும் தம்பியுமாகக் குனிந்து பார்த்தோம். வரப்பில் வந்த பால்காரர் வண்டியை நிறுத்தி, "என்னங்க, வேட்டில கறையாயிருச்சுங்களா?" என்று அக்கறையோடு விசாரித்தார். என் வீட்டுக்காரர் அந்த வேட்டியைப் பிறகு தோட்டத்துப் பக்கம் கட்டவேயில்லை.

"கிளாஸ் வயித்தப் புடிக்காதக்கா, காம்பப் புடி. கைச்சூடு ஏறக்கூடாது. இப்ப மெதுவா சுத்து. மொதல்ல மூக்கு, அப்பறந்தான் வாயி."

மூக்கை விட்டேன். பழைய மரப்பீரோவைத் திறந்ததுபோல் இருந்தது. வீட்டுக்காரர் நெடுநேரம் யோசித்துவிட்டு, ஓமலூர் பஸ்ஸில் ஈரக்குடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். நான் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை.

"சிரிக்காதக்கா. மச்சானுக்கு அதான் தெரியுதுன்னா அதான் சரி. புஸ்தகத்துல போட்டிருக்கறத ஒப்பிக்கறதுக்கு நமக்கெதுக்குங்க மூக்கு?"

ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டச் சொன்னான். ஈறு முழுக்க இழுத்துப் பிடித்தது. "இது கஞ்சி போகாத காடாத்துணி" என்றேன். அவன் கட்டிலைத் தட்டிக்கொண்டு குதித்தான். துவர்ப்பு என்று அவன் அரைமணி நேரமாக விளக்கிக்கொண்டிருந்தது அதைத்தானாம். அடுத்த மாதம் கொடுத்த வெள்ளை ஒயினை, பார்க்க மினுமினுப்பு, தைக்கப் போனால் நழுவுகிற சாட்டின் என்றேன். அதிலிருந்து புதுப் பாட்டில் திறந்தாலே, "இது என்ன துணிக்கா?" என்பதுதான் அவன் கேள்வி. என் தொழிலை யாரும் அவ்வளவு மரியாதையாக விசாரித்ததில்லை. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் மிகவும் பிடித்துவிட்டன. ஆளுக்கு இரண்டு கிளாஸுக்கு மேல் ஊற்றமாட்டான். வீட்டுக்காரர் மூன்றாவதற்குக் கிளாஸை நீட்டினால் அதில் கடலையைப் போடுவான்.

தம்பியின் மனைவி மட்டும் அந்த வேப்பமரத்தடிக்கு வரமாட்டாள். அவள் அப்பா குடித்தே செத்தவர். மோர் டம்ளரை நீட்டிக்கொண்டு சமையலறை வாசலில் என்னிடம் சொன்னாள்: "அவர் சொல்றதெல்லாம் எனக்குப் புரியுதுங்க அண்ணி. மோந்து பாக்கறது, நெறம் பாக்கறது, எல்லாஞ் சரிதானுங்க. எங்கப்பாவும் மொதல்ல ஒடம்பு வலிக்குத்தான்னு ஆரம்பிச்சாரு. ஒயினோ கியினோ, ஊட்டுக்குள்ள அந்த வாடை மட்டும் வரக்கூடாதுங்க."

அவள் கேட்டதில் தப்பில்லை. அவனும் ஒப்புக்கொண்டான். ஆனால் அதற்குள் அவனுக்கு வேறொரு ஆசை வந்துவிட்டது. வாங்கிக் குடித்தது போதும், நாமே போடலாம் என்றான். கம்பம் பக்கத்திலிருந்து பன்னீர் திராட்சை வரவழைத்தான். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது சட்டப்படி குற்றம் என்று என் வீட்டுக்காரர் எச்சரித்தார். "விக்கறதுக்கா போடறேன்? நம்ம நாலு வாய்க்குத்தானுங்க மச்சான்" என்று அவர் வாயை அடைத்துவிட்டான். ஆக, வீட்டுக்குள் வைக்கக்கூடாது, வெளியே தெரியக்கூடாது. அதற்குமேல் எங்கள் ஊர் வெயில் வேறு. ஒயினுக்கு வெயில் ஆகாது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டு அவன் கிணற்றைப் பார்த்தான்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த சதுரக் கிணறு அது. மேலே கருங்கல் கட்டு, கீழே பாறை. ஒரு பக்கச் சுவரையொட்டிப் படி. தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்கிக்கொண்டே போய், கடைசியில் ஏறக்குறைய அடியிலேயே பாறையைக் குடைந்து ஒரு மோட்டார் ரூம் செய்திருந்தார்கள். பிறகு தண்ணீர் அதற்கும் கீழே போய்விட்டது. சுற்றுவட்டாரத்து ஆயிரமடி போர்கள் உறிஞ்சிக்கொண்டன. அவற்றில் சில இவன் வண்டியே போட்டவை. "உங்கெணத்த நீயே குடிச்சுட்டயேடா" என்று சீண்டுவேன். அந்த மோட்டார் ரூமுக்கு ஒரு கதவு போட்டான். கிணற்று வாய்க்குமேல் இரும்புக் குழாய்களைக் குறுக்கே போட்டுத் தகரம் பரப்பினான். ஆடு விழாமலிருக்க என்று கேட்டவர்களிடம் சொன்னான். உள்ளே எந்நேரமும் குளுகுளுவென்றிருந்தது. "ஏசி ரூமுக்கா, கரண்ட் பில்லே கெடையாது" என்று அவனுக்கு ஏகப் பெருமை.

நெடுநாள் ஆள் இறங்காத கிணற்றில் இறங்குமுன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று, ஆள் இறங்கக்கூடாது. தம்பியும் முதல்நாள் அப்படித்தான் பார்த்தான். விளக்கு அடிவரை போய் நின்று எரிந்தது. அதற்குப் பிறகு விளக்கு இறக்கவில்லை. தினமும் இறங்கி ஏறுகிற கிணற்றுக்கு யார் விளக்கு இறக்குவார்கள்? கெட்ட காற்று ஆள் புழங்காத இடத்தில்தான் சேரும் என்பது எங்கள் எல்லாருடைய நினைப்பும். ஆளே அதைக் கொண்டுபோய் உள்ளே சேர்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. திராட்சைச் சாறு பொங்கும்போது விடுகிற காற்று கனமானது, மேலே வராமல் பள்ளத்தில் தேங்கி நிற்கும் என்பதெல்லாம் பிறகு மருத்துவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

முதல் வருடம் சில ஜாடிகள்தான் போட்டான். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எங்களைக் கெடுத்தது. இரண்டாம் வருடம் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்கள் வந்து இறங்கின. எத்தனை என்று நான் கேட்கவில்லை. கதவுக்கு வெளியேயும் நிறுத்துகிற அளவுக்கு இருந்தன.

அந்த வருடம்தான் என்னைக் கீழே அழைத்துப் போனான். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, மேலேயே நின்றுகொண்டார். ஒவ்வொரு படிக்கும் வெயில் குறைந்தது. பாதியிலேயே சத்தம் கேட்க ஆரம்பித்தது. பொளக், பொளக் என்று. ஒவ்வொரு டிரம்மின் மூடியிலும் ஒரு குழாய், அதன் நுனி தண்ணீர் பாட்டிலுக்குள். குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. "பேசுது பாருக்கா" என்றான் தம்பி, குழந்தையைக் காட்டுவதுபோல. எனக்கு அது பேச்சாகக் கேட்கவில்லை. இருட்டுக்குள் நிறையப் பேர் உட்கார்ந்து எச்சில் விழுங்குவதுபோல் இருந்தது. சீக்கிரம் போகலாம் என்று வாய்வரை வந்தது, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

ஒயின் தெளிந்துவிட்டதா என்று பார்க்க மெழுகுவத்தி வைத்திருந்தான். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் சுடரைப் பிடித்துக்கொண்டு ஊற்றினால் வண்டல் வருகிற இடம் தெரியுமாம். நின்றபடி பற்ற வைத்தான், எரிந்தது. டிரம்மின் குழாயருகே குனிந்தான், அணைந்துவிட்டது. குனிந்தபடியே தீக்குச்சி கிழித்தான், பிடிக்கவில்லை. நிமிர்ந்து கிழித்தான், பிடித்தது. குனிந்ததும் மறுபடி போய்விட்டது.

"காத்துக்கா" என்றான்.

"மேல தகரம் மூடியிருக்கு. எங்கடா காத்து?"

"அப்ப திரி ஈரமாயிருக்கும். வா, மேல போலாம்."

ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. கால் துணி மாதிரித் துவண்டது. வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். தலையைப் பிளப்பதுபோல் வலி எடுத்ததால் அன்றைக்கு ஒயின் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சங்ககிரி தாண்டியும் வலி விடவில்லை. "ரெண்டு கிளாஸுக்கே இப்படியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்று ஞாபகப்படுத்தினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "மாப்ளகிட்டச் சொல்லிரு" என்றார்.

சொன்னேன். மறுநாளே போன் செய்து, மெழுகுவத்தியையும் தலைவலியையும் சேர்த்தே சொன்னேன். "பழைய கெணறு, புழுக்கமாத்தான் இருக்கும். நாந் தெனமும் எறங்கறேனே, எனக்கென்ன ஆச்சு?" என்றான். பாழாய்ப்போன அந்தச் சிரிப்பு வேறு. விளக்கு இறக்கிப் பார்த்துவிட்டு இறங்கு என்றேன். சரி சரி என்றான். அவன் சரி என்று இரண்டு தடவை சொன்னால் செய்யமாட்டான் என்று அர்த்தம், சின்ன வயதிலிருந்தே அப்படி.

அதே வாரம் தம்பியின் மனைவி என்னைக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணி, கெணத்துலருந்து ஏறி வந்தா தள்ளாடறாருங்க. கண்ணு செவந்திருக்குது. தலவலின்னு படுத்துக்கறாரு. அடியில அணில் ஒன்னு செத்துக் கெடந்துச்சாமுங்க, அதத் தூக்கிட்டு வந்தன்னைக்கு வாந்திகூட எடுத்தாரு. உள்ளயே ஒக்காந்து குடிக்கறாருங்களோ? எனக்குப் பயமா இருக்குதுங்க."

"அவன் வாயி நாறுச்சா கண்ணு?"

"இல்லீங்க. அதான் எனக்கு வெளங்கல."

எனக்கும் விளங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. பிளவுஸ் வெட்டும்போது கை நின்று நின்று போனது. அவள் அவனைக் குடியிலிருந்து காப்பாற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒயினை வெயிலிலிருந்தும் ஊர்க்கண்ணிலிருந்தும் காப்பாற்றிக்கொண்டிருந்தான். காவல் பலமாகத்தான் இருந்தது. வேண்டிய இடத்தில்தான் ஒருவரும் இல்லை.

ஆயுத பூஜைக்காக ரிக் வண்டி தோட்டத்துக்குத் திரும்பியிருந்த சமயம் அது. வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க, சர்வீஸ் செய்ய என்று தம்பி ஒரு வாரம்போல சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் அலைந்தான். கிணற்றுப் பக்கம் போகவில்லை. மழைத் தூறல் என்று தகரத்தை நன்றாக இழுத்து மூடி, கல்லும் வைத்திருந்தான். பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனோம். வானம் மூட்டமாக இருந்தது. வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை. டிரைவர் களத்தில் வண்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார்.

தம்பி கிளாஸ்களைத் துடைத்து, ஒரு மெழுகுவத்தியோடு கட்டிலில் வரிசையாக வைத்தான். "மொத டிரம் தெளிஞ்சிருக்கும். இன்னிக்கு கடை ஒயினில்ல, நம்ம ஒயினு. நீ என்ன துணின்னு சொல்லோணும்" என்றான்.

"வெளக்கு எறக்கிப் பாத்துட்டுப் போடா."

"அக்கா, நம்ம கெணறு. இதா, எடுத்துட்டு வாரேன்."

ஒரு தகரத்தை மட்டும் நகர்த்திவிட்டு, கையில் காலி பாட்டிலோடு இறங்கினான். செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய்க் கிணற்று மேட்டில் நின்று கூப்பிட்டேன். பதில் வரவில்லை. பொளக் பொளக் என்ற அந்தச் சத்தம் மட்டும் மேலே வரை வந்தது. குனிந்து பார்த்தேன். நகர்த்திய தகரத்தின் வெளிச்சம் அடியில் ஒரு பட்டையாக விழுந்திருந்தது. அதில் அவன் பனியன் தெரிந்தது. குப்புறக் கிடந்தான். பாட்டில் உடையாமல் பக்கத்திலேயே கிடந்தது.

நான் அலறியதில் அவன் மனைவி ஓடி வந்தாள். எட்டிப் பார்த்தவள், "ஐயோ, குடிச்சுட்டு உழுந்துட்டாருங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த கணம் படியை நோக்கிப் பாய்ந்தாள். எனக்கு மெழுகுவத்தி ஞாபகம் வந்தது. குனிந்தால் அணைவது, நிமிர்ந்தால் எரிவது. அவள் பின்னலைப் பிடித்து இழுத்தேன். இருவரும் கல்மேட்டில் விழுந்தோம். அதற்குள் என் வீட்டுக்காரர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு படியில் இறங்க ஆரம்பித்துவிட்டார். நில்லுங்க என்று கத்தினேன், கேட்கவில்லை. எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது.

"டேய்! நில்லுடா!"

கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. அறை வாங்கியதுபோல் அப்படியே நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். "மேல வாங்க. உள்ள காத்து இல்லீங்க. எறங்குனா நீங்களும் போயிருவீங்க" என்றேன். வந்துவிட்டார்.

சத்தம் கேட்டு ஓடி வந்த டிரைவர் கட்டிலருகே இருந்த மெழுகுவத்தியைத் தகர டப்பாவில் ஒட்டி, கயிறு கட்டி இறக்கினார். கிணற்றில் பாதிகூடப் போகவில்லை, அணைந்துவிட்டது. அவர் ரிக் வண்டியைப் பார்த்து ஓடினார். ரிக்கின் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியபோது நிலம் அதிர்ந்தது. தகரங்களையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு, காற்று ஹோஸைக் கிணற்றுக்குள் விட்டார்கள். ஆயிரமடி ஆழத்திலிருந்து கல்லை வெளியே தள்ளுகிற காற்று. அது உள்ளே புகுந்து, கிணற்றில் கிடந்த புழுதி, சருகு, புளித்த திராட்சை வாடை எல்லாவற்றையும் எங்கள் முகத்தில் கொண்டுவந்து அறைந்தது. கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு விளக்கை இறக்கினார்கள். முன்பைவிடக் கொஞ்சம் கீழே போய் அணைந்தது. மறுபடி காற்று. மறுபடி விளக்கு.

அந்த நேரம் முழுக்க நான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் எதையும் செய்ததில்லை. என் கையைக் கடித்தாள். வயிற்றில் உதைத்தாள். "உங்க தம்பிதானுங்களே! கண்ணு முன்னால கெடக்கறாரே! உடுங்க அண்ணி!" என்று கத்தினாள். விடவில்லை. அவன் என் தம்பிதான். எனக்கும் இறங்க வேண்டும்போலத்தான் இருந்தது. அவளைப் பிடித்திருந்ததால்தான் நான் மேலே இருந்தேன் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒருவழியாக விளக்கு அடிவரை போய் எரிந்தது. டிரைவரும் என் வீட்டுக்காரரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்கள். முழங்கால் வலிக்காரர் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தனை படியும் ஏறினார். காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மருத்துவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, உயிர் போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்றார்.

போலீஸ் வந்து டிரம்களைப் பார்த்து எழுதிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு மிச்சமிருந்ததையெல்லாம் கிணற்றடியிலேயே கவிழ்த்துவிட்டார்கள். பங்காளிகள் கூடிப் பேசி, கேட்பவர்களிடம் மோட்டார் ரிப்பேர் பார்க்க இறங்கினான் என்று சொல்வதாக முடிவு செய்தார்கள். வற்றிப் போய் வருடக்கணக்கான கிணற்றில் என்ன மோட்டார்? ஊருக்குத் தெரியாதா? அந்தப் பொய்யைக் கேட்டவர்கள் தங்களுக்குத் தோன்றியதைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். குடிபோதையில் கிணற்றில் விழுந்துவிட்டான் என்று எளவு வீட்டிலேயே என் காதுபடப் பேசினார்கள். ஒரு வாய் குடிக்குமுன் பத்துத் தடவை மோந்து பார்க்கிறவனைப் பற்றி! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கருமாதியன்று படையல் போட்டார்கள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது வழக்கம். கறிக்குழம்பு, பணியாரம், வறுத்த கடலை எல்லாம் வைத்திருந்தார்கள். பங்காளி முறையில் ஒரு அண்ணன் மடியிலிருந்து பிராந்தி குவார்ட்டர் பாட்டிலை எடுத்து இலையோரம் வைத்தார். கெட்ட எண்ணத்தில் அல்ல, கண்ணில் தண்ணீரோடுதான் வைத்தார். "பையனுக்குப் புடிச்சதுங்க, இல்லாம எப்படி" என்றார்.

தம்பியின் மனைவி எழுந்து வந்தாள். அத்தனை நாளில் அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் குவார்ட்டரை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "எம் புருசன் இதத் தொட்டதில்லீங்க" என்றாள். பிறகு நேராக என்னிடம் வந்து நின்றாள். "உங்ககிட்ட இருக்குதுங்களா?"

இருந்தது. அவன் சேலத்துக்கு அலைந்த வாரத்தில், முதல் டிரம்மிலிருந்து முன்னமே எடுத்து வைத்திருந்த ஒரே ஒரு பாட்டிலை என் கடையில் கொடுத்து, ஆறு மாதம் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அதைப் பையில் கொண்டுவந்திருந்தேன். திறந்து கொடுத்தேன். அவள் ஒரு டம்ளரில் ஊற்றி இலையில் வைத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கற்பூரம் காட்டி முடிந்ததும், அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். அவள் வரக்கூடாது என்ற வாடை, அவள் வீட்டுக்குள் முதன்முதலாக வந்தது. மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள். பிறகு ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது.

"புளிக்குதுங்க அண்ணி" என்றாள். "இதுக்காங்க?"

டம்ளரை என்னிடம் நீட்டினாள். நானும் குடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அந்த வருடத்து ஒயின் நன்றாக வரவில்லை.